லிட்டர் 61 காசு, பாலம் தாண்ட 4 வெள்ளி

2025 அக்டோபரில் அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஆங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலை, டெக்னீஷியன், மாதம் 2,600 வெள்ளி. வீடு மலேசியாவில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவில், ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி). செய்தி வந்த அன்று ராத்திரியே போன் செய்தான்.

"மாமா, மோட்டார்லயே போய்ட்டு வந்துடலாம்ல? இங்கதான் எண்ணெய் மலிவாச்சே."

பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது. "தம்பி, மோட்டாரெல்லாம் வேணாம்னு நீயே சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டான்."

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆறு வருஷம், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற அதே கடற்பாலத்தில் தினமும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். இப்போது உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மோட்டார், பஸ், கார், சிங்கப்பூரிலேயே அறை என்று நாலு வழி. அவனைப் போலப் பாலம் தாண்டப் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காசைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பேச்சில் ரிங்கிட்டும் வெள்ளிதான், சிங்கப்பூர் டாலரும் வெள்ளிதான். 1973 மே வரைக்கும் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாறிக்கொண்டிருந்தவை. தாத்தா காலத்தில் பாலத்தின் எந்தப் பக்கம் நீட்டினாலும் அதே காசு செல்லும். நான் இந்தக் கணக்கைப் போட்ட 2025 அக்டோபரில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றேகால் ரிங்கிட்டை ஒட்டி நின்றது. ஏறும், இறங்கும்; கணக்குக்கு மூன்றேகால் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் வெள்ளி, காசு என்றால் சிங்கப்பூர். அந்தப் பக்கத்துக்கு ரிங்கிட். எண்ணெய் என்றால் பெட்ரோல்.

எண்ணெய் விலை

மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல் லைசென்ஸ் உள்ள எல்லாக் குடிமக்களுக்கும் புடி95 திட்டம் வந்தது. மைகாட் என்கிற மலேசிய அடையாள அட்டையைச் செருகினால், சாதாரண ரகப் பெட்ரோலான ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட். தொடங்கியபோது ஆளுக்கு மாதம் 300 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். அதற்கு மேல் போனால், அல்லது அட்டை இல்லையென்றால், அப்போது 2.60. அதற்கு முன்னால் 2021 பிப்ரவரியிலிருந்து நாலரை வருஷம் எல்லோருக்கும் 2.05 என்று கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். 2022-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரைத் தாண்டியபோதும் அதே 2.05தான்.

அதே 2025-இல் சிங்கப்பூரில் 95-இன் பலகை விலை 2.70, 2.80 வெள்ளி என்று ஓடிக்கொண்டிருந்தது. (தள்ளுபடி அட்டை இல்லாமல் இங்கே யாரும் எண்ணெய் ஊற்றுவதில்லை, அது வேறு கதை.) நடுவில் 2.75 என்று வைத்தால் ரிங்கிட்டில் ஏறக்குறைய 8.90. அந்தப் பக்கத்து 1.99, வெள்ளியில் 61 காசு. நாலரை மடங்கு வித்தியாசம், நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டர் பாலம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு எண் போதும். 2021 பிப்ரவரியில் சிங்கப்பூர் பெட்ரோல் மீதான தீர்வையை ஏற்றியது. 95-க்கு லிட்டருக்கு 66 காசு. மலேசியாவில் ஒரு முழு லிட்டர் 61 காசுக்குக் கிடைக்கிறது. அதாவது அங்கே எண்ணெய்க்கே கொடுப்பதைவிட, இங்கே அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வரி அதிகம். அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி வேறு.

சிங்கப்பூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாலம் தாண்டி வந்து ஊற்றிக்கொண்டு போவார்கள் என்பது இரண்டு அரசுகளுக்கும் தெரியும். அதனால் சிங்கப்பூர் எண் பலகை வண்டி நாட்டை விட்டு வெளியே போகும்போது தொட்டியில் முக்கால் பங்காவது எண்ணெய் இருக்க வேண்டும் என்று 1991 முதல் விதி. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். மலேசியா தன் பங்குக்கு, மானியம் உள்ள ரோன்95-ஐ வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக்கூடாது என்று 2010-இல் தடை போட்டது. ரோன்95-இன் மஞ்சள் குழாயை எடுத்தால் யாராவது படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் மானியம் இல்லாத ரோன்97 ஊற்றினால்கூட அவர்களுக்கு லாபம்தான். தொட்டி நிரம்பிய பிறகும் காரை இரண்டு பக்கமும் நின்று ஆட்டு ஆட்டென்று ஆட்டி, இன்னும் அரை லிட்டர் இறங்குமா என்று பார்க்கிற ஆட்களை நானே ஜேபியில் (ஜொகூர் பாருவில்) பார்த்திருக்கிறேன். விலையுயர்ந்த கார், கசங்காத சட்டை, முகத்தில் ஒரு கடமை உணர்ச்சி.

ஆக, எண்ணெய் மலிவு என்று அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த மலிவு அவன் பையில் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

மோட்டார்

ஸ்கூடாயிலிருந்து சோதனைச்சாவடி, பாலம், அங்கிருந்து ஆங் மோ கியோ. ஒரு நடை 35 கிலோமீட்டர் என்று வைத்தால் போக வர 70. மாதம் 22 நாள் வேலை, 1,540 கிலோமீட்டர். அவனுடைய கப்சாய் (சின்ன எஞ்சின் மோட்டார் சைக்கிள்) லிட்டருக்கு 45 கொடுக்கும். 34 லிட்டர் எண்ணெய், 68 ரிங்கிட், வெள்ளியில் 21.

மாதத்துக்கே 21 வெள்ளிதான். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அடுத்த வரி, வெளிநாட்டு வண்டிகள் சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான விஇபி கட்டணம். மோட்டாருக்கு நாளைக்கு 4 வெள்ளி. சாயங்காலம் 5 மணியிலிருந்து பின்னிரவு 2 வரையும், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளிலும் இலவசம். வருஷத்துக்குப் பத்து நாள் வேறு இலவசமாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வேலைக்குப் போகிறவன் விடியற்காலையில்தானே நுழைவான். 22 நாளுக்கு 88 வெள்ளி. எண்ணெய்க்குக் கொடுப்பதைப் போல நாலு மடங்கு! டயர், செயின், எஞ்சின் எண்ணெய் என்று மாதம் 30 ஒதுக்கினால் மொத்தம் 140 வெள்ளி ஆகிறது.

மானியத்தை முழுசாக எடுத்துவிட்டு அவன் 2.60 ரிங்கிட் கொடுத்தாலும் மாதம் ஆறு, ஏழு வெள்ளிதான் கூடும். இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. மாமா எண்ணெய் ஏறப்போகுதாம் என்று அவன் அலறினால் கவலைப்படாதே என்று சொல்லலாம். விஇபி ஏறினால் அலறட்டும்.

நேரம் எப்படி? நாலேகாலுக்கு எழுந்து, அஞ்சுக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறரைக்குக் கம்பெனி வாசலில் நிற்கலாம். சராசரி ஒன்றரை மணி நேரம், போக வர மூன்று. கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) தொங்கும். இப்போது சிங்கப்பூர்ப் பக்கம் கியூஆர் குறியீடு வந்துவிட்டதால் கையுறையைக் கழற்றி ஏடு புரட்டுகிற வேலை குறைந்திருக்கிறது. மோட்டார் பாதையில் ஆயிரக்கணக்கில் வண்டிகள், முழங்காலோடு முழங்கால் உரச நகரும். முன்னால் நிற்கிறவனுடைய புகைபோக்கி நேராக உன் மூக்குக்கு. மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் அத்தனை பேரும் ஒதுங்கி மழைக்கோட்டு மாட்டுவார்கள். உள்ளே வேர்வையில் நனைவதா, வெளியே மழையில் நனைவதா என்று ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு முடிவெடுக்கிற நேரம் அது.

என் மூன்றாவது வருஷத்தில் அப்படி ஒரு மழை நாள். வளைவில் முன் வண்டி சட்டென்று நின்றது. நான் பிரேக் பிடித்தேன், சக்கரம் வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அப்போது நான் பார்த்தது தினச் சம்பள வேலை. போகாத நாளுக்குக் காசு கிடையாது. அந்த ஆறு வாரத்தில் போன சம்பளத்தை, மூன்று வருஷம் மலிவு எண்ணெயில் மிச்சம் பிடித்ததோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் மிச்சம் தோற்றுவிடும். இதை அக்காவுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மோட்டார்க் கணக்கைப் போடுகிற யாரும் இந்த வரியை எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

பஸ்

முதலில் ஒன்று: உங்கள் கம்பெனி ஜொகூருக்குள்ளேயே பஸ் அனுப்பினால், இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு அதில் ஏறிவிடுங்கள். அவன் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை.

அவனை ஒரு வாரம் பஸ்ஸில் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் செலவையும் நேரத்தையும் கைப்பேசியில் குறித்துவைத்தான். தாமானிலிருந்து சோதனைச்சாவடி வரை ஒரு பஸ், பாலம் தாண்ட ஒரு பஸ், பிறகு எம்ஆர்டி நகர ரயில். நாளைக்குப் போக வர ஏறக்குறைய 7 வெள்ளி, மாதம் 154. மோட்டாருக்கு 140, பஸ்ஸுக்கு 154. காசில் இரண்டும் ஒன்றுதான்.

நேரத்தில்தான் அடி. நல்ல நாளில் ஒரு நடைக்கு இரண்டு மணி, கெட்ட நாளில் இரண்டே முக்கால். சராசரி நாலரை மணி நேரம் ஒரு நாளைக்கு.

பாலத்தைத் தாண்டுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியக் குடிநுழைவுக்கு முன்னால் பஸ் உங்களை இறக்கிவிடும். மாடிப்படி ஏறி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, மறுபடி கீழே ஓடி இன்னொரு வரிசையில் நிற்க வேண்டும். வந்த பஸ் காத்திருக்காது. அதே எண் அடுத்த பஸ் வரும்போது ஏற வேண்டும். அது ஒரு கிலோமீட்டர் பாலத்தில் ஊர்ந்து உட்லண்ட்ஸில் இறக்கும். அங்கே மறுபடி மாடி, வரிசை, குடிநுழைவு, கீழே ஓட்டம், இன்னொரு பஸ். சாலை காலியாக இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு மூன்று வரிசை, நாலு மாடிப்படி. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் புழங்குகிற எல்லை அது. ஓட்டத்தில் பழகியவர்கள் எந்தப் படிக்கட்டுக்கு நேராக பஸ் கதவு நிற்கும் என்று பார்த்து உட்காருவார்கள். வாரக் கடைசியில் அவனும் கற்றுக்கொண்டிருந்தான்.

ரயிலும் உண்டு. ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் தெப்ராவ், 2015 முதல் ஓடுகிறது. அஞ்சே நிமிஷம். போகும்போது 5 ரிங்கிட், வரும்போது 5 வெள்ளி. அதே பெட்டி, அதே தண்டவாளம், திரும்பி வர மூன்றேகால் மடங்கு கட்டணம்! சொல்லி வைத்தாற்போல் காலை நேர டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். நம்பி வேலைக்குப் போக முடியாது.

இந்த பஸ் கணக்கில் எனக்கு அதிகம் உறுத்தியது பாலம்கூட இல்லை, ஸ்கூடாயிலிருந்து பாலம் வரைக்குமான முதல் துண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் எம்ஆர்டி ரெண்டு, மூன்று நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது. அந்தப் பக்கம் பஸ் வரும், எப்போது வரும் என்று கேட்கக்கூடாது. ஜொகூர் பாருவில் நகர ரயில் கிடையாது. தாமான்கள் எல்லாம் நெடுஞ்சாலையை ஒட்டி, வாசலில் இரண்டு கார் நிற்கும் என்று நினைத்துக் கட்டப்பட்டவை. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது, அடுத்த பத்தாண்டில் பெரோடுவா வந்தது, எண்ணெய் எப்போதும் மலிவு. கூப்பிடும் தூரத்தில் கடைக்குப் போகக்கூட வண்டி எடுக்கிற ஊராகிவிட்டது. நாட்டில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை இப்போது மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. எல்லோரிடமும் வண்டி இருக்கும்போது பஸ்ஸைக் கேட்டுச் சண்டை போட யார் இருக்கிறார்கள்?

கார்

சீக்கிரம் முடித்துவிடலாம். மலேசியக் காருக்கு விஇபி நாளைக்கு 35 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு நுழைவுக்கும் 6.40 சாலைக் கட்டணம். 22 நாளுக்கு 910 வெள்ளி. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன்பே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செரங்கூன் சாலைக்குப் போவதற்குக் கார் சரி.

சிங்கப்பூரில் கார் வாங்குவதை அவன் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கார் வாங்குவதற்கு முன்னால் கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் வாங்க வேண்டும். 1990-இல் கொண்டுவந்த சிஓஇ சான்றிதழ், ஆயுள் பத்து வருஷம். 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் நின்றது. அதே வருஷம் மலேசியாவில் பெரோடுவா ஆக்ஸியாவின் அடிமட்ட மாடல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்தது. சிங்கப்பூரில் அந்தக் காகிதம் ஒன்றுக்குக் கொடுக்கிற காசில் மலேசியாவில் பதினைந்து ஆக்ஸியா வாங்கி நிறுத்தலாம். 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கையே வளரக்கூடாது என்று வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்ஜியமாக வைத்திருக்கிறார்கள்.

பாஸ் விலையை லிட்டரில் அளந்தால்

இந்த இடத்தில் எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. ஒரு ஊரில் பொதுப் போக்குவரத்து மலிவா என்பதைப் பார்க்க, ஒரு மாதப் பாஸின் விலைக்கு அதே ஊரில் எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம் என்று பார்ப்பது. நாணய மாற்றுத் தொல்லை இல்லை.

சென்னையில் மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ், லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்கும் பெட்ரோலில் ஏறக்குறைய பத்து லிட்டர். (பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமே இல்லை, அதாவது பூஜ்ஜியம் லிட்டர்.) கோலாலம்பூரில் குடிமக்களுக்கான மை50 பாஸ் 50 ரிங்கிட், 25 லிட்டர், பஸ், எல்ஆர்டி, எம்ஆர்டி எல்லாம் அதற்குள். ஜொகூர் பாருவில் அந்தப் பாஸ் செல்லாது. ஜெர்மனியில் நாடு முழுக்க வட்டார ரயில்களிலும் பஸ்களிலும் ஏறக்கூடிய டாய்ச்லாண்ட் டிக்கெட் 2025-இல் 58 யூரோ, அங்கத்திய விலையில் 34 லிட்டர் போல வரும். சிங்கப்பூரில் பெரியவர்களுக்கான மாதப் பாஸ் 120 வெள்ளிச் சொச்சம், 45 லிட்டர்!

எண்ணெய் விலை உச்சியில் இருந்தும், லிட்டர்க் கணக்கில் பார்த்தால் சிங்கப்பூர் பஸ்தான் எல்லாவற்றிலும் விலை அதிகம். ஆனாலும் இங்கே ஆறு மில்லியன் பேரில் பெரும்பாலோர் அதில்தான் போகிறார்கள். பம்பு விலைக்கும் டிக்கெட் விலைக்கும் நடுவில் தராசு வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை என்பது இதில் தெரிகிறது. கார் வாசலில் நின்றுவிட்டால் அடுத்த நடைக்கு ஆகிற செலவு எண்ணெய் மட்டும்தான். எந்த பஸ்ஸும் தோற்றுவிடும். அதனால் அந்தக் காரை வாசலுக்கே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது சிங்கப்பூர்.

இதற்கு நேர்மாறான ஊர் ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. லக்சம்பர்க். 2020 பிப்ரவரி 29-இலிருந்து அங்கே பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் நாடு முழுக்க இலவசம். அண்டை நாடுகளைவிட எண்ணெயும் மலிவு. ஜெர்மன் எல்லையில் இருக்கும் வாசர்பில்லிக் என்ற சின்ன ஊரில் வரிசையாக எண்ணெய் நிலையங்கள், ஜெர்மன் கார்கள் வந்து நிரப்பிக்கொண்டு திரும்பும். நம் ஜேபி கதைதான், காரை ஆட்டுகிறார்களா என்று மட்டும் தெரியாது. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். பஸ் இலவசம்தானே, கார்கள் குறைந்திருக்க வேண்டுமே? ஆளுக்கு இத்தனை கார் என்று எண்ணினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வரிசையில் நிற்கிற நாடுகளில் இன்றும் அது ஒன்று. பாதிப் பேர் கிளம்புகிற கிராமம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலவசம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். முதல் துண்டுக்குக் கார் எடுத்தவன் அதிலேயே முழுசாகப் போய்விடுகிறான். ஸ்கூடாயைப் பற்றி நான் முன்னால் சொன்னதும் இதுதான்.

ஹாங்காங் இன்னொரு கோடி. உலகிலேயே மிக விலையுயர்ந்த பெட்ரோல் விற்கிற இடங்களில் ஒன்று. தினசரிப் பயணத்தில் பத்தில் ஒன்பது பொதுப் போக்குவரத்தில். அங்கே எண்ணெய் என்ன விலை என்று ஒரு வாடகைக் காரோட்டியைத் தவிர யாருக்கும் சட்டென்று தெரியாது என்று நினைக்கிறேன்.

அறை

சரி, நாலாவது வழி. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், மார்சிலிங், அட்மிரல்ட்டி பக்கம் ஒரு வீவக வீட்டில் அறையைப் பகிர்ந்துகொண்டால் 550 வெள்ளி போலக் கேட்டார்கள். எம்ஆர்டி போக வர மாதம் 80. வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் வர 30. அம்மா சமையல் இல்லாததால் சாப்பாட்டுக்குக் கூடுதலாக 150. இதை எழுதாமல் அறைக் கணக்குப் போடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொத்தம் 810. மோட்டாரையோ பஸ்ஸையோவிட 660 வெள்ளி அதிகம். பார்த்தவுடன் அக்காவே, "அவ்ளோவா? அப்ப பஸ்ஸே போதும்" என்றாள்.

இங்கேதான் நேரத்தைக் காசாக்கிப் பார்க்க வேண்டும். அறையிலிருந்து வேலைக்கு வாசலுக்கு வாசல் 40 நிமிஷம், போக வர ஒரு மணி இருபது நிமிஷம். பஸ்ஸில் நாலரை மணி. நாளைக்கு மூன்று மணி பத்து நிமிஷம் மிச்சம், மாதத்துக்கு 70 மணி நேரம். 660 வெள்ளிக்கு 70 மணி நேரம் வாங்குகிறான், மணிக்கு ஒன்பதரை வெள்ளி. அவன் சம்பளம் மணிக்குப் பதின்மூன்று, பதினான்கு வெள்ளி வரும். ஓவர்டைம் ஒரு மணி நேரம் பார்த்தாலே கட்டுப்படியாகிவிடும். பஸ்ஸா அறையா என்றால், அறைதான். யோசிக்கவே வேண்டாம்.

மோட்டாரோடு ஒப்பிட்டால் அப்படி இல்லை. மூன்று மணி நேரம் ஒரு மணி இருபது நிமிஷமாகக் குறைகிறது. மாதம் மிச்சமாவது 37 மணி. அதே 660-ஐ வகுத்தால் மணிக்குப் பதினெட்டு வெள்ளி, அவன் சம்பாதிப்பதைவிட அதிகம். வெறும் கணக்கில் மோட்டார்தான் ஜெயிக்கிறது. இதை நான் அக்காவிடம் மறைக்கவில்லை. ஆனால் என் மணிக்கட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். மழைக்கு முன் அது இப்போதும் எனக்குத் தகவல் சொல்கிறது.

எல்லோருக்கும் அறை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஜேபியில் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள், மனைவிக்கு அங்கே வேலை என்றால் 660 வெள்ளிக்கு வேறு அர்த்தம்; அங்கே மோட்டார்தான், ஆனால் நல்ல டயர் போடுங்கள். வேலை துவாஸில், வீடு கேலாங் பாத்தாவில் என்றால் இரண்டாம் பாலம் வழியாகப் போகிற கணக்கே தனி. அவனுக்கு இருபத்தி நாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை, வேலை ஆங் மோ கியோவில். அதனால் அறை.

இன்னொரு காரணமும் இருந்தது. புக்கிட் சகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நாலு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2026 இறுதியைக் குறித்திருக்கிறார்கள். அஞ்சு நிமிஷப் பயணம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடலாம் என்பது. இறங்கி ஏறி ஓடுகிற அந்த இரண்டாவது மாடிப்படி இருக்காது. அது ஓடத் தொடங்கினால் நாலரை மணி நேரம் என்ற எண்ணே மாறிவிடும், அப்போது வீட்டிலிருந்தே போகலாம். புக்கிட் சகார் வரைக்கும் ஸ்கூடாயிலிருந்து எப்படிப் போவான் என்று கேட்டால், மோட்டாரில்தான். அதனால் ஒரு வருஷத்துக்கு மட்டும் அறை எடு என்றேன்.

மார்சிலிங்கில் ஈப்போவிலிருந்து வந்த இரண்டு பையன்களோடு சேர்ந்து அறை கிடைத்தது. சிங்கப்பூரில் குடியிருக்கிறவர் மலேசிய எண் பலகை வண்டியை இங்கே வைத்து ஓட்ட விதி இடம் கொடுக்காது, அதனால் கப்சாய் ஸ்கூடாயிலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல், பாலத்தில் ஜாம் கொஞ்சம் விட்டபின் கிளம்புவான். அக்காவுக்கு மட்டும் அவன் இளைத்துவிட்டான் என்ற குறை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. எண்ணெய் நிலையத்து ரசீது. அந்த மாதம் அவன் ஊற்றியது எட்டு லிட்டர், பதினாறு ரிங்கிட்டுக்குச் சில்லறை குறைவு. கீழே எழுதியிருந்தான்: "மாமா, மலிவு எண்ணெய் இன்னும் 292 லிட்டர் மிச்சம் இருக்கு. என்ன செய்யட்டும்?"